ஏழாம் கோர்ட், தகுதிச் சுற்று

அறுநூற்று முப்பத்தொன்று.
உலகத் தரவரிசையில் நான் தொட்ட உச்சி அதுதான்.
பதினொரு வாரம் அங்கே குடியிருந்தேன்.
கீழே பார்த்துத் தலைசுற்றும் உயரமில்லை,
மேலே பார்த்தால் சுற்றும்.

டிவியில் வந்திருக்கிறாயா என்று கேட்பார்கள்.
வந்திருக்கிறேன். அந்தால்யாவில் ஒருமுறை,
வேறொருத்தியின் பேட்டிக்குப் பின்னால்
வாழைப்பழம் தின்றபடி.

மற்றபடி என் ஒன்பது வருடம்
ராக்கெட் பையைத் தலைக்கு வைத்த விமான நிலையங்கள்,
நாலு பேருக்கு ஒரு கெட்டில்,
அதிலேயே முட்டை, அதிலேயே தேநீர்,
முதல் சுற்றில் தோற்றால் வரி போக நூற்றுச் சொச்சம் டாலர்.
அப்பா துறைமுக சொசைட்டியில் மூன்றாவது கடன் போட்டார்.
விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில்
'வீடு பழுதுபார்க்க' என்று எழுதினார்.

தோஹாவுக்கு வந்தது அந்தக் கடனில்.

தகுதிச் சுற்றில் கோட்டு நடுவர் கிடையாது.
உன் பக்கம் விழும் பந்துக்கு
சாட்சி நீ, நீதிபதி நீ.
எதிரே நிலூஃபர், தாஷ்கண்ட்காரி,
பத்தொன்பது வயது, வாய்பிளந்த ஷூவுக்கு டேப் சுற்றியிருந்தாள்.
மூன்றாம் செட், ஐந்துக்கு நாலு, எனக்கு மேட்ச் பாயிண்ட்.
ஷமால் காற்று காலையிலிருந்தே
கோர்ட்டை மாவு சலித்த முறம்போல ஆக்கியிருந்தது.

அவள் அடித்தது என் பேக்ஹேண்ட் மூலைக்கு.
தொட்டது.
கோட்டின் மேல் படிந்திருந்த புழுதியில்
ஒரு ரூபாய்க் காசளவு
வெள்ளை தெரிந்தது.

என் விரல் எழுந்தது, வாய்க்கு முன்பே.
அவுட்.

சுற்றிவரும் நடுவர் ஐந்தாம் கோர்ட்டில் யாருக்கோ
நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.
நிலூஃபர் வலைவரை வந்தாள்.
கோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
கை கொடுத்தாள்.
பாட்டில் எடுக்கப் போகிறவள்போல நடந்து
அந்தக் காசை நான் ஷூவால் தேய்த்தேன்.

அடுத்த நாளும் ஜெயித்தேன். அதற்கடுத்த நாளும்.
அதை நேர்மையாக ஜெயித்தேன்,
அதனால் என்ன.

இருபத்தேழில் தோள் கிழிந்தது.
ஜெசிந்தா மச்சாடோ என்ற பெயர்
பட்டியலின் கடைசிப் பக்கத்துக்கு வந்து
பிறகு பக்கத்தைவிட்டே போனது.
நான் தோஹாவுக்கே திரும்பினேன், கோட்டு நடுவராக.
காக்கிப் பாவாடை, தொப்பி, முழங்காலில் கை,
எட்டு வருடம்.
சந்தேகம் வந்தால் உள்ளே என்றேன்.
சந்தேகம் அடிக்கடி வந்தது.
'கை எழத் தாமதம்' என்று
மேற்பார்வையாளர் மூன்று சீசன் எழுதினார்.

அப்புறம் கேமராக்கள் வந்தன.
பன்னிரண்டு கண், ஒன்றுக்கும் இமை இல்லை.
எங்களுக்குக் கடைசிச் சம்பளத்தோடு ஆளுக்கொரு குடை கொடுத்தார்கள்,
மழையே பெய்யாத ஊரில்.

போகும்முன் ஒரு சின்ன வேலை என்றார்கள்.
ஸ்பீக்கருக்கு ஒரு பெண்குரல் வேண்டுமாம்,
ஒரே ஒரு வார்த்தை, மூன்று விதமாக:
சாதாரணமாக, அவசரமாக, இன்னும் அவசரமாக.
முந்நூறு ரியால்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ரொமெல் என்ற பிலிப்பினோ
பட்டனில் விரலோடு சொன்னான்:
"மேடம், இன்னும் கொஞ்சம் உறுதியாக."
பதினான்கு டேக் ஆனது.

இப்போது விமானக் கம்பெனியில்
தொலைந்த பெட்டிகளின் கவுன்ட்டரில் இருக்கிறேன்.
பெட்டி வரும் என்று சொல்வது என் வேலை.
வெள்ளிக்கிழமை சில சமயம்
கரக் டீயோடு ஏழாம் கோர்ட் கம்பிவலைக்கு வெளியே நிற்பேன்.
யார் யாரோ சின்னப் பெண்கள்,
டேப் சுற்றிய ஷூ இன்னும் இருக்கிறது.
ஸ்பீக்கரிலிருந்து நான் கத்துகிறேன்,
அவசரமாக, இன்னும் அவசரமாக,
ஒருத்தியும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு பந்து மூலைக்குப் போகும்.
தாழ்வாக, கோட்டின் வெளிவிளிம்பை உரசி.
கையில் கப் சுடும்.
நான் காத்திருப்பேன்.

ஸ்பீக்கர் வாய் திறக்காது.
ஆட்டம் நடக்கும்.